எலினோர் கிணறு

2024 ஜூலை 29, திங்கள்

கச்சான் காற்று இன்றும் அடங்கவில்லை. வானிலை அலுவலகத்தில் எட்டரை மணி அவதானிப்புக்குப் போனபோது மழைமானிக்குள் செத்த வண்டு ஒன்றுதான் கிடந்தது. இருபத்து மூன்று நாளாக ஒரு துளி இல்லை. பதிவேட்டில் ‘மழை இல்லை’ என்று எழுதிவிட்டுக் கதிரையில் வந்து இருந்தபோது போன் அதிர்ந்தது.

கொம்பனியின் அறிவித்தல். கிணறு துளைக்கும் றிக் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். ஒரு படமும் போட்டிருந்தார்கள். செம்மண் வெளி, நடுவில் ஒரு இரும்புக் கோபுரம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. படத்தின் ஓரத்தில் ஒரு ரோட்டு வளைந்து போகிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ரோட்டில்தான் என் மகன் ஜனுஷனின் வாகனம் புரண்டது. அதற்கு இன்றைக்கு மூன்று வருசமும் பன்னிரண்டு நாளும்.

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். என்றைக்காவது இந்தக் கொப்பியை என் மனுசன் சிறிலிடம் கொடுக்க வேண்டி வரலாம்.

என் மகன் புவிச்சரிதவியல் படித்தவன். பேராதனையில் பட்டம், அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரில் மேற்படிப்பு, பிறகு அங்கேயே கல்டர்வூட் எனர்ஜி என்ற சின்ன எண்ணெய் ஆய்வுக் கொம்பனியில் வேலை. முப்பது பேர்கூட இல்லாத இடம். நிலத்துக்கு அடியில் அதிர்வு அனுப்பி எடுத்த படங்களைப் பார்த்து, எந்த இடத்தில் எண்ணெய் தேங்கியிருக்கும் என்று வரைபடம் கீறுவது அவன் வேலை. முதல் வருசமே ஒன்றைக் கண்டுபிடித்தான். “அம்மா, மூண்டு கிலோமீற்றர் ஆழத்தில ஒரு கிண்ணத்தைக் கவிட்டு வைச்ச மாதிரி இருக்கு. கீழ இருந்து ஊறி வாற எண்ணெய் அதுக்குள்ள போய் அடைபட்டிருக்கும்” என்றான். நான் அதை எங்கள் ஊர் பாலையூற்று முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்த இடத்துக்குக் கொம்பனித் தலைவர் தன் தாயின் பெயரை வைத்தார். எலினோர்.

கொவிட் காலத்தில் அவன் போனான். விமானம் இல்லை, எல்லை பூட்டு, உடலை அனுப்ப மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். அவனுடைய கூட்டாளி சசிகரன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடக்கத்தை இந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தோம். நடுவில் இரண்டு தரம் படம் நின்றுவிட்டது.

கொம்பனி அவனுக்குக் கொடுத்திருந்த பங்குகள் என் பெயருக்கு வந்தன. காப்புறுதிப் பணமும் வந்தது. சிறில் சொன்னார்: “அந்தக் காசு கிடக்கட்டும் சீலா. அதில ஒரு றாத்தல் பாண் வாங்கினாலும் என்ர தொண்டைக்குள்ள இறங்காது.” நானும் ஓம் என்றேன். ஆனால் இந்த மார்ச்சில், கிணறு துளைக்கப் பணம் தேவை, பங்குதாரர்கள் மேலும் வாங்கலாம் என்று கொம்பனி கேட்டபோது, எல்லாவற்றையும் அதில் போட்டேன். அவருக்குத் தெரியாது.

பணம் பெருக வேண்டும் என்று போடவில்லை. அவன் கீறின வரைபடம் சரி என்று ஆராவது எழுத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

2024 ஓகஸ்ட் 1, வியாழன்

சசிகரனுக்கு எடுத்தேன். அவனும் அதே கொம்பனியில்தான் வேலை. எப்போதும் “சொல்லுங்கோ அன்ரி” என்று அரை மணித்தியாலம் கதைக்கிறவன், இன்றைக்குத் தயங்கினான்.

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பங்கு வைச்சிருக்கிறீங்கள். கிணறு முடியுமட்டும் நான் உங்களோட அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது. சட்டம். அறிவித்தலில வாறதை மட்டும் பாருங்கோ.”

“வேற கதை கதைக்கலாம்தானே?”

“ஓம்” என்றான். பிறகு இரண்டு பேருக்கும் வேறு கதை இருக்கவில்லை.

2024 ஓகஸ்ட் 5, திங்கள்

எலினோர்-1 தொடங்கிவிட்டது. நேற்று மாலை நான்கு மணிக்கு முதல் அடி. முடிவு ஆழம் மூவாயிரத்து நூற்றைம்பது மீற்றர். முப்பத்தைந்து நாள் ஆகுமாம்.

நேற்று நான்கு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கீரை ஆய்ந்துகொண்டு இருந்திருப்பேன்.

2024 ஓகஸ்ட் 9, வெள்ளி

620 மீற்றர். உருக்குக் குழாய் இறக்கிச் சுற்றிவரச் சீமெந்து பாய்ச்சுகிறார்கள்.

2024 ஓகஸ்ட் 15, வியாழன்

மாதாவின் திருநாள். பூசைக்குத் தனியாகத்தான் போனேன். சிறில் காலையிலேயே படகு நிற்கும் கொட்பேக்குப் போய்விட்டார், படகு என்ஜினில் ஏதோ சத்தமாம். துறைமுகத்தின் இழுவைப் படகில் முப்பத்தொரு வருசம் என்ஜினியராக இருந்த மனுசன். இளைப்பாறின பிறகு ஒரு சின்ன பைபர் படகை வாங்கி அதோடேயே நாளைக் கழிக்கிறார். ஜனுஷன் போன பிறகு கோயிலுக்கு வருவதில்லை. அவன் பெயரைச் சொல்வதும் இல்லை. நான் சொன்னால் எழும்பி வெளியில் போய்விடுவார். முதல் வருசம் எனக்குக் கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டேன்.

1,480 மீற்றர். பூசை முடிந்து வாசலில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். கிணற்றுக்காக மெழுகுதிரி ஏற்றின ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் சாப்பிடும்போது போன் மேசையில் கிடந்தது, அறிவித்தல் படத்தோடு திறந்தபடி. சிறில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே அதைப் பார்த்தார். அந்தச் சிவப்பு மண் அவருக்குத் தெரிந்திருக்கும். பாதியில் கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார்.

2024 ஓகஸ்ட் 20, செவ்வாய்

குழாய் இறுகிவிட்டது. 2,210 மீற்றரில் களிமண் பாறை இடிந்து விழுந்து துளைக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டதாம். மேலேயும் வராது, கீழேயும் போகாது. பங்கின் விலை பாதியாகிவிட்டது.

பங்குதாரர்கள் எழுதும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் புனைபெயரில் எழுதுவார்கள். இன்றைக்கு முழுக்கத் திட்டல். நான் ஒன்றும் எழுதுவதில்லை, வாசிப்பேன். ‘இன்னும் நம்பிக்கை இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மூன்று தரம் வாசித்தேன்.

2024 ஓகஸ்ட் 21, புதன்

அசையவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

2024 ஓகஸ்ட் 23, வெள்ளி

குழாய் விடுபட்டுவிட்டது! காலை அவதானிப்பைப் பதியும்போது காற்றமுக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். நப்லாதான் கண்டு திருத்தினாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை, என்னோடு பதினொரு வருசமாக வேலை செய்கிறாள். அவளுக்கு மட்டும் விசயம் தெரியும்.

2024 ஓகஸ்ட் 30, வெள்ளி

3,020 மீற்றர். வாயு வருகிறது. மேலே வரும் சேற்றில் வாயுவின் அளவு பல மடங்கு கூடியிருக்கிறது, பாறைத் துகள்களில் எண்ணெயின் தடயம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ‘எண்ணெயின் தடயம்’. அந்தச் சொல்லைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பங்கின் விலை மூன்று மடங்கு. நப்லா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“சீலா மிஸ், பாதியையாவது வித்துப் போடுங்க. போட்ட காசு கைக்கு வந்திரும். மிச்சம் கிடக்கட்டும்.”

“ஏலாது நப்லா.”

“ஏன் மிஸ்?”

என்ன சொல்வது? இப்போது விற்றால், மகனே எனக்கு உன்னில் பாதி நம்பிக்கைதான் என்று சொன்னமாதிரி ஆகிவிடும். அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. “இன்னும் நூறு மீற்றர்தானே” என்றேன். அவள் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் உட்துறைமுகம் கண்ணாடிமாதிரிக் கிடந்தது. ஆருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சிறில் கொல்லையில் பெற்றோல் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாய்வரை வந்துவிட்டது. முழு முடிவும் வரட்டும், ஒரேயடியாகச் சொல்வோம் என்று விட்டுவிட்டேன். சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துக்கொண்டே சோறு வடித்தேன்.

2024 செப்ரெம்பர் 4, புதன்

பங்கு வியாபாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முக்கிய அறிவித்தல் வரும்வரை வாங்கவும் ஏலாது விற்கவும் ஏலாது. கிணறு அடி சேர்ந்துவிட்டது. கருவியை இறக்கி அளக்கிறார்கள்.

நல்ல செய்தி என்றாலும் இப்படித்தான் நிறுத்துவார்களாம். கெட்ட செய்தி என்றாலும் இப்படித்தானாம்.

2024 செப்ரெம்பர் 6, வெள்ளி

தண்ணீர்.

2024 செப்ரெம்பர் 7, சனி

நேற்று ஒரு சொல்லுக்குமேல் எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

அறிவித்தல் ஒன்றரைப் பக்கம். மணற்கல் 3,118 மீற்றரில் வந்தது. ஜனு எதிர்பார்த்த ஆழத்துக்கும் அதற்கும் ஏழு மீற்றர்தான் வித்தியாசம். மூன்று கிலோமீற்றருக்குக் கீழே ஏழு மீற்றர்! கிண்ணம் அவன் கீறின இடத்திலேயே, அவன் கீறின வடிவிலேயே இருந்தது. இருபத்தொரு மீற்றர் தடிப்பு. நல்ல பாறை. அதற்குள் முழுக்கத் தண்ணீர். முன்னொரு காலத்தில் எண்ணெய் இருந்து வெளியேறியதற்கான அடையாளங்கள் காணப்படுகின்றன. கிணறு அடைக்கப்பட்டுக் கைவிடப்படும்.

இருந்தது. வெளியேறிவிட்டது. மனுசர் பிறக்கமுதலே போய்விட்டது.

விலையைப் பார்க்கவே தேவையில்லை. அந்த இணையத்தளத்துக்குப் போனேன், போயிருக்கக்கூடாது. ஒருவர் எழுதியிருந்தார்: ‘இந்த வரைபடத்தைக் கீறினவன் எந்தக் குருடன்?’ கீழே பத்துப் பன்னிரண்டு சிரிப்பு முகங்கள். இத்தனை நாளும் ஒரு எழுத்தும் எழுதாத நான் நேற்று எழுதினேன். ‘அவன் என் மகன்’ என்று. வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு மணித்தியாலம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒருவர் வேறொரு கொம்பனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

நேற்றுப் பின்னேரம் சிறிலிடம் சொன்னேன். குசினி நிலத்தில் பேப்பரை விரித்துக் காபரேற்றரைக் கழட்டி வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு, காப்புறுதிப் பணம் முழுவதும், முப்பத்தைந்து நாளும் ஒளித்து ஒளித்துப் பார்த்தது, தண்ணீர். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

கையில் இருந்த ஆணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“மேல் பாறையோ?”

எனக்கு விளங்கவில்லை.

“மூடிக்கொண்டிருக்கிற பாறை. அது வெடிச்சிருந்ததோ?”

ஒரு அறிவித்தல்கூட வாசிக்காத மனுசன். “ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்றேன்.

“அவன்தான்.”

மூன்று வருசத்துக்குப் பிறகு, அவனைப் பற்றி வாய் திறக்கிறார்.

“சாகிறதுக்கு முதல், யூன் மாதக் கடைசி ஞாயிறு, இருட்டுப்படேக்க எனக்கு எடுத்தவன். நான் கொட்பேயில நிண்டனான். அப்பா, நான் திரும்பப் பாத்தனான், மேல் பாறையில வெடிப்பு இருக்கு, எண்ணெய் இருந்தாலும் நிண்டிராது எண்டான். எழுதிக் குடுத்தவனாம். பெரியவங்கள் ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லையாம். என்ர பேரில ஒரு பொய்க் கிணறு தோண்டப் போறாங்கள் அப்பா, நான் வேலையை விட்டிட்டு வாறன் எண்டான்.”

“பிறகு?”

“நான் மறிச்சன்.” ஆணியைப் பேப்பரில் வைத்தார். “இந்தக் கொவிட்டுக்குள்ள இஞ்ச வந்து என்ன செய்யப் போறாய் எண்டன். ஒரு வேலையை இடையில விட்டிட்டு ஓடி வாறது ஆம்பிளைக்கு வடிவில்லை எண்டன். ஆறு மாதம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நில் எண்டன். சரி அப்பா எண்டான். இருபது நாள், சீலா. இருபதாம் நாள் அந்த ரோட்டில…”

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் அவர் பக்கத்தில் இருக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. நான் கத்தினேன். “நீங்கள் மறிச்சிருக்காட்டி என்ர பிள்ளை உயிரோட இருந்திருப்பான்!”

“ஓம்” என்றார்.



2024 செப்ரெம்பர் 8, ஞாயிறு

எனக்கு ஏன் சொல்லவில்லை ஜனு? எனக்கு ஏனடா சொல்லேல்லை?

2024 செப்ரெம்பர் 11, புதன்

சசிகரன் தானே எடுத்தான். இனிக் கதைக்கலாமாம். அவனையும் சேர்த்துப் பாதிப் பேரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம்.

“ஜனு மேல் பாறையைப் பற்றி எழுதிக் குடுத்தவனோ?” என்று கேட்டேன்.

“ஓம் அன்ரி. நாலு பக்கம். கூட்டத்தில அவன் எழும்பிச் சொல்லேக்க நான் பக்கத்தில இருந்தனான். அவன் சொல்லுறது சரியெண்டு எனக்கும் தெரியும். வாய் திறக்கேல்லை. அப்ப என்ர விசா அவங்கட கையில இருந்தது.” பிறகு அழுதுவிட்டான். “நீங்கள் காசு போட்டது எனக்குத் தெரியாது அன்ரி. பழைய பங்கை மட்டும்தான் வைச்சிருக்கிறீங்கள் எண்டு நினைச்சன்.”

அவனை ஏசமுடியவில்லை. எல்லாரையும் ஏசினால் எங்கே போய் முடியும்.

இன்னொன்றும் சொன்னான். மாதம் மாதம் பதினேழாம் திகதி ஜனுவை அடக்கிய சவக்காலைக்குப் போகிறானாம். அன்றைக்கு நட்ட மரச்சிலுவைதான் இன்னும் நிற்கிறது. வெயிலில் எழுத்து மங்கிவிட்டது. கல் வைப்பதைப் பற்றிச் சிறிலிடம் இரண்டு தரம் கேட்டு எழுதினானாம். பதில் வரவில்லையாம். என்னிடம் கேட்கப் பயமாக இருந்ததாம்.

மூன்று வருசமாக என் பிள்ளைக்கு ஒரு கல்கூட இல்லை. நான் கிணற்றின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

2024 செப்ரெம்பர் 29, ஞாயிறு

ஒரே வீடு, ஒரே குசினி. அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறார். நான் உடுப்பை மடித்துக் கட்டிலில் வைக்கிறேன். கதை இல்லை. விடுமுறை நாளிலும் நப்லாவின் முறையைக் கேட்டு வாங்கி வேலைக்குப் போகிறேன்.

இன்றைக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல். “எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு அவன் ஏதும் சொன்னவனோ?”

சொல்லாமல் விட்டிருக்கலாம் அவர். பொய்யும் சொல்லியிருக்கலாம். “அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டுத் திரியிறா, அவவுக்கு எப்பிடி அப்பா சொல்லுறது எண்டவன்” என்றார்.

அலுவலகம்வரை நடந்தே போனேன்.

2024 ஒக்ரோபர் 14, திங்கள்

கிணறு மூடப்பட்டது. மூன்று இடத்தில் சீமெந்து அடைப்பு. மேலே இருந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு மண்ணை நிரவிவிட்டார்களாம். இனி எண்ணெய் தேடப்போவதில்லை, வேறு கனிமம் பார்க்கப்போகிறோம், கொம்பனியின் பெயரையும் மாற்றப்போகிறோம் என்று கடைசிப் பந்தியில். எலினோர் என்ற பெயர் அதில் ஒரு தரம்தான் வருகிறது. மகனின் பெயர் எதிலும் வந்ததே இல்லை.

மிஞ்சின பங்குகளை விற்கச் சொல்லிவிட்டேன். ஒரு ஆள் அவுஸ்திரேலியா போய்வரும் பயணச்சீட்டுக்கும் அது போதாது.

2024 நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக மழை. மழைமானி நிரம்ப நிரம்ப அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். ரோட்டெல்லாம் வெள்ளம் என்று நேற்று அலுவலகத்திலேயே தங்கினேன். இன்றைக்கு வந்தால், முன் அறைக் கூரை ஒழுகி அலுமாரிக்குள் தண்ணீர். பழைய கொப்பிகளை எடுத்துக் காயப் போட்டேன். 2021ஆம் வருசத்துக் கொப்பி கையில் வந்தது. அந்த வருசத்தை நான் திறப்பதே இல்லை. ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரிக்கும்போது என் எழுத்து கண்ணில் பட்டது. அப்படியே இங்கே பிரதி பண்ணுகிறேன்.

‘2021 யூன் 27, ஞாயிறு. பின்னேரம் ஜனு எடுத்தான். அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும் என்றான். நானும் ஒரு விசயம் வைச்சிருக்கிறன், முதல் என்னுடையதைக் கேள் என்று சொல்லி, கலியாணம் பேசி வந்த மட்டக்களப்புப் பெண்ணின் படத்தை அனுப்பினேன். அரை மணித்தியாலம் அதே கதை. படம் வடிவா என்றால் சிரிக்கிறான். நல்லா இருக்கு அம்மா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டான். அவன் விசயத்தைக் கேட்க மறந்துபோனேன். வருகிற ஞாயிறு கேட்க வேண்டும்.’

யூன் கடைசி ஞாயிறு. சிறிலுக்கு எடுத்தது அன்று இருட்டுப்பட்ட பிறகு. அவன் முதலில் என்னிடம்தான் வந்திருக்கிறான்.

என்னிட்டத்தான் முதல் வந்தவன். நான் கேக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் தேப்பனுக்கு எடுத்திருக்கிறான். அடுத்த ஞாயிறும் நான் கேக்கேல்லை. அதுக்கடுத்த ஞாயிறும் கேக்கேல்லை.

2024 டிசெம்பர் 1, ஞாயிறு

அதை அவரிடம் காட்ட நான்கு நாள் எடுத்தது. மழை விட்டு வெயில் எறித்தது. படகுக்குள் நிறைந்த தண்ணீரை இறைத்துவிட்டு, கால்சட்டை நனைந்தபடி சிறில் வந்து பின்படியில் இருந்தார். பழைய கொப்பியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க ஏலாது. கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நீ வாசி” என்றார்.

வாசித்தேன். ‘வருகிற ஞாயிறு கேட்க வேண்டும்’ என்ற வரியோடு நிறுத்தினேன். அவர் கொப்பியை என் கையில் இருந்து மெல்ல வாங்கி மூடினார்.

“உன்னில பிழை இல்லை, சீலா.”

“அப்ப உங்களில?”

சொல்லவேண்டிய சொல் எனக்குத் தெரியும். இன்னும் வாய் வரவில்லை. ஆனால் வெயில் போகும்வரை இரண்டு பேரும் அந்தப் படியிலேயே இருந்தோம். எழும்பும்போது அவர் முழங்கால் பிடித்துக்கொண்டது. கையைக் கொடுத்தேன்.

2025 ஜனவரி 6, திங்கள்

படகை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இறக்கக்கண்டியில் இருந்து ஒருவர் வந்து என்ஜினோடு கொண்டுபோனாராம். வந்து குசினி வாசலில் நின்று, “ரெண்டு பேருக்கு அங்க போய் வரக் காசு காணும். கல்லுக்கும் காணும்” என்றார்.

“படகு இல்லாமல் என்ன செய்வீங்கள்?”

“இருப்பன்.”

கல்லில் என்ன எழுதுவது என்று சசிகரன் கேட்டிருக்கிறான். பெயரும் இரண்டு திகதியும் போதும் என்கிறார் சிறில். தமிழிலும் இருக்க வேண்டும் என்றேன். ஓம் என்றார். ஒரு தாளில் எழுதிக் காட்டினார், ஜனுஷன் என்று. அந்தப் பெயரை அவர் கையெழுத்தில் பார்த்து எவ்வளவு காலம். ‘ஷ’வுக்குச் சுழி சரியாக வரவில்லை என்று மூன்று தரம் எழுதினார்.

2025 ஜனவரி 29, புதன்

விசா விண்ணப்பம் நிரப்பப் போனோம். அஷ்பாக்கின் கொம்யூனிகேஷன் கடை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். கெட்டிக்காரப் பொடியன், கேள்விகளைச் சத்தமாக வாசித்து வாசித்துக் கொம்பியூட்டரில் அடித்தான். கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த இடம், முன்னர் செய்த வேலை. சிறில் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார்.

“அங்க உங்கட ஆக்கள் ஆராவது இரிக்காங்களா சேர்?”

“ஓம்.”

“என்ன முறை?”

“மகன்.”

“அல்ஹம்துலில்லாஹ், அப்ப லேசா விசா கிடைக்கும்” என்றான். “மகன்ட விலாசத்தச் சொல்லுங்க.”

சிறில் சேட்டுப் பையில் இருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். சசிகரன் அனுப்பியதைப் பார்த்து அவர் எழுதியது. சவக்காலையின் பெயர், பிரிவு, வரிசை, இலக்கம்.

அஷ்பாக் அடிக்கத் தொடங்கினான். இரண்டாவது வரியில் கை நின்றது. தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். முன்னுக்குப் பெரிய பங்கா ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எட்டி அதை நிற்பாட்டினான், தாள் பறக்காமல் இருக்க. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மெதுவாக அடித்து முடித்தான்.

“சரியா எண்டு ஒருக்காப் பாருங்க சேர்” என்று திரையைத் திருப்பினான்.

சிறில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். வரிசை இலக்கத்தில் ஒரு எண் மாறியிருந்தது. நான் காட்டினேன். அவன் திருத்தினான்.